கறுப்புத் தோல் உதிரும் ஊரில் ஹெட்போன் வாங்குவது எப்படி?

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹெட்போன் வைத்திருக்கும் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். வாங்கி இரண்டு ஆண்டு ஆகும்போது, காதைச் சுற்றி அமரும் குஷனின் கறுப்புத் தோல் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். கன்னத்தில் ஒட்டும், காதுமடலில் ஒட்டும், வேலைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையின் கழுத்துப்பட்டியிலும் ஒட்டும். பாட்டு இன்னும் நன்றாகத்தான் கேட்கும். ஆனாலும் அந்த ஹெட்போன் அலமாரிக்குள் போய்விடும், சில மாதம் கழித்துக் குப்பைக்குப் போகும். அதன் இடத்தில் புதிது ஒன்று வரும், அதுவும் இரண்டு ஆண்டில் உதிரும்.

இதைத் தரக்குறைவு என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். தோல் ஏன் உதிர்கிறது, கம்பி ஏன் எப்போதும் ஒரே இடத்தில் அறுகிறது, கம்பியில்லா இயர்போன் ஏன் மூன்றாம் ஆண்டில் அரைநாள்கூடத் தாங்குவதில்லை என்பதற்கெல்லாம் வேதியியலிலும் இயற்பியலிலும் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஒலியை உண்டாக்கும் பகுதி இயல்பான பயன்பாட்டில் மிக அரிதாகவே சாகிறது. அதைச் சுற்றியுள்ள குஷன், கம்பி, பேட்டரி, மடிப்பு ஆகிய நான்கும்தான் சாகின்றன. ஆகவே இந்த நான்கையும் மாற்ற முடிகிற ஹெட்போனே நீடித்து உழைக்கும். விலையும் விளம்பரமும் இதற்கு அடுத்த நிலையில்தான் வரும்.

ஒலி எழுப்பும் பகுதி ஏன் நெடுநாள் வாழ்கிறது?

பெரும்பாலான ஹெட்போன்களுக்குள் இருக்கும் அமைப்பு எளிமையானது. ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் தொங்கும் மெல்லிய செம்புக் கம்பிச்சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய, தலைமயிரைவிட மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஆகியவையே அதன் பாகங்கள். சுருளில் மின்னோட்டம் ஏறி இறங்கும்போது காந்தப்புலம் அதைத் தள்ளவும் இழுக்கவும் செய்கிறது. சவ்வு அதிர்கிறது, காற்று அதிர்கிறது, நமக்குப் பாட்டுக் கேட்கிறது. ஒன்றோடொன்று உராய்ந்து தேயும் பாகம் எதுவும் இதில் இல்லை.

அதற்குத் தேவைப்படும் மின்சாரமும் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. வழக்கமான ஒரு ஹெட்போன் ஒரு மில்லிவாட் மின்திறனில் 100 டெசிபெல் அளவுக்கு ஒலி எழுப்பும். நாம் இதமாகக் கேட்கும் ஒலி 80 டெசிபெல்லைத் தாண்டுவதில்லை. டெசிபெல் கணக்கில் 20 குறைந்தால் மின்திறன் நூறில் ஒரு பங்காகிவிடும். அப்படியானால் அந்தச் சுருள் வாங்குவது ஒரு மில்லிவாட்டின் நூறில் ஒரு பங்குதான். வீட்டில் எரியும் 10 வாட் எல்.இ.டி. விளக்கு அதைப்போல் ஒரு மில்லியன் மடங்கு மின்திறனை எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு குறைந்த வேலையில் சுருள் சூடேறுவதில்லை, சவ்வும் களைப்பதில்லை.

ஜெர்மனியின் பையர்டைனமிக் நிறுவனம் 1937-இல் வெளியிட்ட டிடி 48 என்ற மாதிரி எழுபது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. அதன் ஒலி எழுப்பும் முறைதான் இன்றும் நம் காதில் இருக்கிறது.

ஈரம் அறுக்கும் தோல்

குஷனை மூடியிருக்கும் கறுப்புத் தோல், பெரும்பாலும் துணியின்மேல் பூசப்பட்ட பாலியூரித்தேன் படலம். விலை குறைவு, மென்மை, காற்றை வெளியே விடாமல் அடைக்கும் தன்மை ஆகியவற்றால் உற்பத்தியாளர்கள் அதை விரும்புகிறார்கள். அதற்குள் இருக்கும் பஞ்சும் பல மாதிரிகளில் பாலியூரித்தேன்தான்.

பாலியூரித்தேன் நீளமான சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. மலிவான வகைகளில் அந்தச் சங்கிலியின் கண்ணிகள் பல எஸ்டர் பிணைப்புகள். நீர் மூலக்கூறு எஸ்டர் பிணைப்பில் நுழைந்தால் அது இரண்டாகப் பிளக்கும்; ஒரு முனை அமிலமாகவும் மறுமுனை ஆல்ககாலாகவும் மாறும். இதுவே நீராற்பகுப்பு. இப்படி உண்டான அமிலம் சும்மா இருப்பதில்லை, அடுத்த பிணைப்பு அறுவதை விரைவுபடுத்துகிறது. அதனால் முதல் ஓராண்டில் எதுவும் தெரிவதில்லை. பிறகு சில வாரங்களுக்குள் படலம் முழுவதும் வெடித்து உதிர்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அந்த வேலை கடையில் பெட்டிக்குள் இருந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

பெட்டியிலேயே வைத்திருந்த காலணியை நான்கைந்து ஆண்டு கழித்து எடுத்துப் போட்டால், அதன் அடிப்பாகம் நடக்கும்போதே நொறுங்கி விழுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதுவும் இதே நீராற்பகுப்புதான். அருங்காட்சியகங்களில் நவீனப் பொருள்களைப் பாதுகாப்பவர்களுக்கும் பாலியூரித்தேன் பஞ்சு தீராத தலைவலியாக இருக்கிறது.

இந்த வேதிவினைக்கு வேண்டியவை ஈரமும் வெப்பமும். கோலாலம்பூரில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 பாகை செல்சியசை ஒட்டியே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு அருகில் நிற்கிறது. குளிர்காலம் என்று ஒன்று வந்து வேதிவினையை மெதுவாக்குவதும் இல்லை. ஐரோப்பாவில் ஐந்தாறு ஆண்டு தாங்கும் குஷன் இங்கே அதற்கு முன்பே உதிர்ந்தால் அதில் வியப்பில்லை. இதற்கு மேல் வியர்வையும் தலைக்குத் தடவும் எண்ணெயும் சேர்கின்றன.

மாற்று என்ன? பாலியூரித்தேனிலேயே ஈத்தர் பிணைப்பு கொண்ட வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் வெயிலிலும் ஆக்சிஜனிலும் சற்று வலுவிழக்கும். எந்த வகை என்று பெட்டியில் எழுதியிருக்க மாட்டார்கள் என்பதால் இந்த அறிவு கடையில் அதிகம் உதவாது. உண்மையான தோல் உதிராது, ஆனால் நம் ஊர்க் காற்றில் பூஞ்சை பிடிக்கும். வெல்வெட்டைப் போன்ற துணி உறை உதிர்வதும் இல்லை, கழற்றித் துவைக்கவும் முடியும். வியர்வையை உறிஞ்சிக்கொள்வதும், வெளி இரைச்சலைக் கொஞ்சம் உள்ளே விடுவதும் அதன் குறைகள். வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்குத் துணி உறையே சிறந்தது. ரயிலில் கேட்பவருக்குத் தோல் உறை வேண்டும். அப்படியானால் அதை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

குஷன் பழுதானால் ஒலியும் கெடும் என்பதைப் பலர் அறிவதில்லை. காதுக்கும் சவ்வுக்கும் இடையில் அடைபட்ட காற்றுதான் தாழ்ந்த சுருதி ஒலிகளைத் தாங்கிப் பிடிக்கிறது. தோல் கிழிந்து காற்று கசிந்தால் மிருதங்கத்தின் தொப்பியும் தவிலின் அடியும் மெலிந்துவிடும். ஒலி எழுப்பும் பகுதியே போய்விட்டது என்று நினைத்துத் தூக்கி எறியப்படும் பல ஹெட்போன்களுக்கு, ஒரு ஜோடி புதிய குஷன் போட்டால் முதல் நாள் ஒலி திரும்பிவிடும்.

ஏர்கோனிலிருந்து வெளியே வரும்போது

பேரங்காடியை விட்டு வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிப்போகிறதல்லவா? அதே நேரத்தில் உங்கள் ஹெட்போனுக்குள்ளும் அது நடக்கிறது.

வெளியே 32 பாகை வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால், அந்தக் காற்று ஏறத்தாழ 27 பாகைக்குக் குளிரும்போது அதிலுள்ள நீராவி துளிகளாகத் திரண்டுவிடும். இதைப் பனிபடு நிலை என்கிறோம். அலுவலகத்திலோ எம்ஆர்டி ரயிலிலோ 23 பாகைக்குக் குளிர்ந்த ஒரு பொருளை வெளியே கொண்டுவந்தால், அதன் மேற்பரப்பு 27 பாகைக்கு ஏறும்வரை அதன்மேல் நீர் படியும். உலோக வலை, மின்னிணைப்புகள், சவ்வு எல்லாவற்றின்மேலும் இந்த மெல்லிய ஈரம் படிகிறது. வேலைக்குப் போய்வருபவருக்கு இது தினமும் பலமுறை நிகழ்கிறது.

இந்த ஈரத்தோடு வியர்வையின் உப்பும் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும். கம்பியில்லா இயர்போன்களின் அடியில் சார்ஜ் ஏற்றுவதற்கான சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். வியர்வையோடு அப்படியே அவற்றைப் பெட்டியில் வைத்தால், மின்னழுத்தமும் உப்புநீரும் சேர்ந்து அந்தப் புள்ளிகளை மின்பகுப்பு முறையில் அரிக்கும். ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாமல் போவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால், எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புள்ள வியர்வையை மாதக்கணக்கில் தாங்கும் என்று அது உறுதி கூறவில்லை.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. பெட்டியில் வைப்பதற்கு முன் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெளியே வந்ததும் உடனே பைக்குள் அடைக்காமல் சில நிமிடம் காற்றாட விடுங்கள். இரவில் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் லென்சில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் செய்யும் அதே ஏற்பாடுதான் இது. ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வது அரிது, குஷனின் நீராற்பகுப்பும் மெதுவாகும்.

கம்பி அறுகிற இடம்

கம்பியுள்ள இயர்போன் அறுகிறபோது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் அறுகிறது. ஒன்று கைத்தொலைபேசியில் செருகும் முனைக்குப் பக்கத்தில், மற்றொன்று காதுக்குள் போகும் பகுதியின் வாயிலில். ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி முன்னும் பின்னும் சில முறை வளைத்தால் அது முறிந்துவிடுவதைப் போலத்தான் செம்பு இழைகளும் முறிகின்றன. ஒவ்வொரு வளைவிலும் உலோகத்துக்குள் நுண்ணிய விரிசல் வளர்கிறது. பொறியாளர்கள் இதை உலோகச் சோர்வு என்பார்கள். விறைப்பான முனையும் நெகிழ்வான கம்பியும் சந்திக்கும் இடத்தில் வளைவு மிகக் கூர்மையாக இருக்கும். அதனால் அங்கேதான் முறிவு வருகிறது.

நல்ல கம்பியை அடையாளம் காண மூன்று குறிகள் உண்டு. முனைக்குப் பின்னால் நெளியும் ரப்பர்க் கழுத்து நீளமாக இருக்க வேண்டும். அது விறைப்பாக இருந்தால் பயனில்லை, கம்பியோடு சேர்ந்து மெல்ல வளைய வேண்டும். இரண்டாவதாக, முனை நேராக நீட்டிக்கொண்டிராமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் சட்டைப்பையில் வைக்கும்போது வளைவு குறையும். மூன்றாவதும் மிக முக்கியமானதும், கம்பி இரு முனையிலும் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்ற முடிந்தால் கம்பி அறுந்தது ஒரு சிறு செலவு மட்டுமே.

கழற்ற முடியாத கம்பியானாலும் கவலை வேண்டாம். புடுவிலுள்ள ஜாலான் பாசார் நெடுங்காலமாக மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற தெரு. 3.5 மில்லிமீட்டர் முனை, ஈயப்பற்று, வெப்பத்தில் சுருங்கும் குழாய் எல்லாம் அங்கே கிடைக்கும். பற்றவைக்கத் தெரிந்தவருக்கு அது சிறு வேலை. தெரியாதவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இயர்போன் கம்பியின் இழைகளுக்கு மேல் நிறப் பூச்சு இருக்கும். அது மின்காப்புப் பூச்சு. சூட்டுக்கோலால் அதை எரித்து நீக்காமல் ஈயம் ஒட்டாது. நன்றாகப் பற்றவைத்தும் சத்தம் வரவில்லை என்று பலர் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

பேட்டரியின் கணக்கு

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் போகவர நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வீட்டில் ஒரு மணி நேரம். ஆக நாளுக்கு மூன்று மணி என்றால் ஆண்டுக்கு 1,100 மணிக்கு அருகில் வருகிறது. இந்த எண்ணை வைத்துக்கொண்டு பேட்டரியைப் பார்ப்போம்.

லித்தியம் அயனி பேட்டரி வழக்கமாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சுற்று என்பது முழுதும் வடிந்து முழுதும் ஏறுவது. பாதி வடிந்து ஏற்றினால் அரைச் சுற்று.

காதுக்குள் செருகும் கம்பியில்லா இயர்போன் ஒரு சார்ஜில் 5 மணி நேரம் பாடும் என்று கொள்வோம். 500 சுற்றுகளில் அது 2,500 மணி. நாளுக்கு மூன்று மணி கேட்பவருக்கு அது இரண்டு ஆண்டும் சில மாதங்களும்தான். தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன் ஒரு சார்ஜில் 30 மணி பாடினால், அதே 500 சுற்றுகளில் 15,000 மணி. அது பதின்மூன்று ஆண்டுக்கு மேல். வேதியியல் ஒன்றுதான், பேட்டரியின் அளவு மட்டுமே வேறு. சிறிய பேட்டரி நாள்தோறும் வடிந்து ஏறுவதால் விரைவில் மூப்படைகிறது.

பெரிய பேட்டரியும் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்துவிடாது. பயன்படுத்தாமல் வைத்தாலும் பேட்டரி முதுமையடையும். வெப்பமும் முழுச் சார்ஜும் அந்த முதுமையைத் துரிதப்படுத்துகின்றன. வேதிவினைகளின் வேகம் பொதுவாக 10 பாகை கூடும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய ஒரு தோராய விதி. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகையைத் தாண்டிவிடும். காரின் முன்பலகையில் வைத்துவிட்டுப் போகும் ஹெட்போன் அங்கேயே தன் ஆயுளைத் தொலைக்கிறது. பெட்டிக்குள் போடும்போதெல்லாம் நூறு விழுக்காடு ஏறிவிடும் சிறு இயர்போன்களுக்கு முழுச் சார்ஜ் என்ற தொல்லையும் கூடவே இருக்கிறது.

பேட்டரி மூப்படைவதைத் தடுக்க முடியாது. அதை மாற்ற முடியுமா என்பதே கேள்வி. பல கம்பியில்லா இயர்போன்களின் உடல் பசையால் ஒட்டப்பட்டது, உடைக்காமல் திறக்க வழியில்லை. பழுதுபார்க்கும் வசதியை மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் குழு, ஆப்பிளின் முதல் ஏர்பாட்ஸுக்குப் பத்துக்குச் சுழியம் கொடுத்தது. வேறு வழி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2023-இல் பெரிய ஹெட்போனையும் 2024-இல் சிறிய இயர்போனையும், பயனீட்டாளரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி வடிவமைத்து வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு பேட்டரி விதிமுறைப்படி, சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை 2027 பிப்ரவரி 18 முதல் பயனீட்டாளரே மாற்ற முடிய வேண்டும். உலகச் சந்தைக்கு ஒரே மாதிரியைத் தயாரிக்கும் நிறுவனங்கள் நமக்கும் அதையே விற்கும் வாய்ப்பு இருக்கிறது. இப்போதைய இயர்போன் இன்னும் உழைக்கிறது என்றால், புதிது வாங்குவதைத் தள்ளிப்போட இது நல்ல காரணம்.

பிரிக்பீல்ட்ஸ் கற்றுத்தரும் பாடம்

ஹெட்போனை நாள் முழுக்க, ஆண்டு முழுக்க வேலைக் கருவியாகப் பயன்படுத்துவோர் யார் என்று கேட்டால், பாடகர்கள், ஒலிப்பதிவாளர்கள் என்று நினைப்போம். நம் பள்ளத்தாக்கில் அதற்கு இன்னொரு விடையும் உண்டு. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. அதனாலேயே அந்தப் பகுதியில் பார்வையற்றோர் பலர் வாழ்கிறார்கள், வேலை செய்கிறார்கள், வெண்கோலோடு நடமாடுகிறார்கள். அவர்களுக்குக் கைத்தொலைபேசியும் கணினியும் குரலால் இயங்குபவை. திரையில் உள்ளதை மென்பொருள் வாசிக்கிறது, அவர்கள் கேட்கிறார்கள். இயர்போன் பழுதானால் மற்றவர்களுக்குப் பாட்டு நிற்கும். அவர்களுக்கோ பேருந்து நேரமும் வங்கிக் கணக்கும் செய்தியும், மற்றவர் காதில் விழாமல் கேட்கும் வழி அடைபட்டுவிடும்.

இந்தப் பயன்பாட்டை மனத்தில் கொண்டு பார்த்தால், கம்பியுள்ள இயர்போனின் மதிப்பு புரியும். புளூடூத் வழியே ஒலி வந்துசேரச் சாதாரணமாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாகும். பாட்டுக் கேட்கும்போது அது தெரியாது. விரலால் தொட்டதும் எழுத்து ஒலிக்க வேண்டிய இடத்தில் அந்தத் தாமதம் ஒவ்வொரு தொடலிலும் இடறும். பேட்டரியைச் சேமிக்க இணைப்பு உறங்கிவிட்டு மீண்டும் விழிக்கும்போது, சொல்லின் முதல் அசை விழுங்கப்படுவதும் உண்டு. கம்பியில் இந்தத் தொல்லை இல்லை. சார்ஜ் தீரும் என்ற அச்சமும் இல்லை.

சாலையில் நடக்கும்போது அவர்கள் இரு காதையும் அடைக்க முடியாது, வாகன ஒலி கேட்டாக வேண்டும். எலும்பு வழி ஒலி கடத்தும் ஹெட்போன் இங்கே உதவுகிறது. அது கன்ன எலும்பின் மேல் அமர்ந்து, அதிர்வை நேராக உள்காதுக்கு அனுப்பும். காதுத் துவாரம் திறந்தே இருக்கும். உதிர்வதற்குக் குஷனும் இல்லை. ஆனால் அதிலும் பேட்டரி பெரும்பாலும் உள்ளே அடைத்துவைக்கப்பட்டதுதான்.

பார்வையுள்ளவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. வேலைக்கு இன்றியமையாத இடத்தில் கம்பியுள்ள ஒன்றைக் கைவசம் வையுங்கள். கைத்தொலைபேசியில் கம்பியைச் செருகும் துளை இல்லையென்றால் யூ.எஸ்.பி.-சி இணைப்பி ஒன்று போதும்.

பல்லாண்டு மாறாத மாதிரிகள்

எதை நம்பி வாங்குவது? நெடுங்காலமாக மாறாமல் விற்பனையில் இருக்கும் மாதிரிகளைப் பாருங்கள். அமெரிக்காவின் காஸ் நிறுவனத்தின் போர்ட்டா புரோ 1984-இல் வந்தது. செனைசர் ஹெச்டி 25 1988-இல் வந்தது. சோனி எம்டிஆர்-7506 1991-இல் வந்தது. பையர்டைனமிக் டிடி 770 1980களில் வந்தது. எல்லாம் இன்றும் கிடைக்கின்றன.

இவற்றின் பழைமையை நான் போற்றுவதற்குக் காரணம் பழம்பெருமை ஏக்கம் இல்லை. முப்பது நாற்பது ஆண்டு ஒரே வடிவம் விற்பனையில் இருந்தால், அதற்கான குஷனும் உதிரிப் பாகங்களும் ஏராளமாகக் கிடைக்கும். மூல நிறுவனம் கைவிட்டாலும் வேறு நிறுவனங்கள் அந்த அளவில் குஷன் செய்து விற்கும். எம்டிஆர்-7506-இன் குஷன் தோலும் உதிரத்தான் செய்கிறது, அது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் மாற்றுக் குஷன் எளிதாகக் கிடைப்பதால் அந்த ஹெட்போன் சாவதில்லை. ஹெச்டி 25-ஐ ஒவ்வொரு பாகமாகப் பிரித்து மாற்றலாம், கம்பியைச் செருகி எடுக்கலாம். டிடி 770-இல் துணி உறை வருகிறது. அதன் வழக்கமான மாதிரியில் கம்பியைக் கழற்ற முடியாது என்பது ஒரு குறை. போர்ட்டா புரோவுக்கு இருப்பது வெறும் பஞ்சு வட்டம், மாற்றுவது மிக எளிது. ஆனால் அது வெளி இரைச்சலைத் தடுக்காது, ஆகவே ரயிலுக்கு ஏற்றதில்லை.

மடிப்பையும் தலைப்பட்டையையும் கடையிலேயே சோதித்துவிடலாம். பட்டைக்குள் எஃகுத் தகடு ஓடுகிறதா, மடியும் இடத்தில் திருகாணி தெரிகிறதா என்று பாருங்கள். திருகாணி இருந்தால் இறுக்கலாம், கழற்றலாம், பாகம் மாற்றலாம். பிளாஸ்டிக் கொக்கி மட்டுமே தாங்கும் மடிப்பு ஒருநாள் வெடிக்கும், பசை அதைத் தாங்காது.

செலவுக் கணக்கையும் ஒரு எடுத்துக்காட்டால் பார்க்கலாம். 300 ரிங்கிட் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்கி, எட்டு ஆண்டில் மூன்று முறை 60 ரிங்கிட்டுக்குக் குஷன் மாற்றினால் மொத்தம் 480 ரிங்கிட். ஆண்டுக்கு 60. 200 ரிங்கிட் இயர்போனை இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிதாக வாங்கினால் ஆண்டுக்கு 100.

சட்டம் நம் பக்கம்

மலேசியாவின் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரத்துக்குள் நீடித்து உழைப்பதும் அடக்கம். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. உதிரிப் பாகம் கிடைக்காது என்று வாங்கும்போதே பயனீட்டாளருக்குத் தெரிவித்துவிட்டால் அந்தக் கடப்பாடு இல்லை. ஆகவே கேட்டு வாங்குவது நம் கையில் இருக்கிறது. தகராறு வந்தால் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் மனு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள், அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

மாற்ற முடியாத ஒரே பாகம்

குஷன், கம்பி, பேட்டரி எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. உள்காதில் இருக்கும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்களுக்கு மாற்று இல்லை. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான்.

ரயில் இரைச்சலுக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் ஒலியைக் கூட்டுவோம். காதோடு நன்றாகப் பொருந்தி இரைச்சலை அடைக்கும் குஷன் இருந்தால் கூட்டத் தேவையில்லை. கிழிந்த குஷன் இரைச்சலை உள்ளே விடும், விரல் தானாக ஒலியைக் கூட்டும். ஆகவே உதிர்ந்த குஷனைக் காலத்தில் மாற்றுவது காசு மிச்சம் பிடிக்கும் வேலை மட்டுமில்லை, செவியைக் காக்கும் வேலையும்தான்.

உண்மையிலேயே ஆயுள் முடிந்த கருவியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவுப் பட்டியலில் எஸ்டபிள்யூ 110 என்ற குறியீட்டில் இருக்கிறது. குப்பை லாரி அழுத்தும்போது லித்தியம் பேட்டரி நசுங்கித் தீப்பிடிக்கலாம். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

லோ யாட் பிளாசாவிலோ கிள்ளான் கடைத்தெருவிலோ அடுத்தமுறை ஹெட்போன் வாங்க நிற்கும்போது, பாட்டுப் போட்டுக் கேட்பதற்கு முன் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். “பாஸ், இதுக்குக் குஷன் தனியா கிடைக்குமா? கம்பியைக் கழற்ற முடியுமா? பேட்டரி போனா மாத்தித் தருவீங்களா?” மூன்றில் இரண்டுக்காவது ஆமாம் என்று விடை வந்தால் வாங்குங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால், எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் அதை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வாங்குபவர்கள் எல்லாரும் இப்படிக் கேட்கத் தொடங்கினால், கடைகள் உதிரிப் பாகங்களை இருப்பில் வைக்கத் தொடங்கும்.